ரீத்தா லெவி மோன்டால்சினி: அடைபட்ட கதவும் அறிவு கண்ட வழியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் வாழ்த்துரை மட்டும் கூறி அமர்ந்துவிட நமக்கு மனமில்லை. இன்று மாலை கூடவிருக்கும் பொதுக்குழுவில், வெள்ளி விழா நிதியாகத் திரண்டுள்ள தொகையை எவ்வழியில் செலவிடுவது என்று உறுப்பினர்கள் முடிவு செய்ய இருக்கிறீர்கள். விழா மண்டபம் எழுப்பலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. மேற்படிப்புக்கு நிலையான கல்வி நிதி அமைக்கலாம் என்பது மற்றொரு சாராரின் கருத்து. அம்முடிவுக்கு முன், நரம்பின் வளர்ச்சியை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் அம்மையாரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் நம் நாட்டினர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். ஆயினும் பிறப்பைக் காரணம் காட்டிக் கல்விக்கூடத்தின் கதவை அடைப்பது என்றால் என்ன என்பதைத் தம் வாழ்வில் கண்டவர். அவர் பெயர் ரீத்தா லெவி மோன்டால்சினி.

இத்தாலி நாட்டின் தூரின் நகரில், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை பொறியியல் வல்லுநர்; தாய் ஓவியர். உடன் பிறந்த இரட்டைச் சகோதரி பாவோலாவும் பின்னாளில் ஓவியரானார். வசதியும் கல்வியும் நிறைந்த வீடுதான். எனினும் அவ்வீட்டிலும் ஒரு கதவு அடைத்தே இருந்தது. உயர்கல்வி பெண்ணின் இல்லற வாழ்வுக்கு இடையூறாகும் என்று தந்தை கருதினார். ஆகவே தம் பெண்மக்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதில்லை என முடிவு செய்திருந்தார்.

வீட்டில் குழந்தைகளை வளர்த்த செவிலித்தாய் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தபோது, மருத்துவம் பயில வேண்டும் என்னும் உறுதி ரீத்தாவின் உள்ளத்தில் வேரூன்றியது. இருபதாம் வயதில் தந்தையிடம் சென்று இசைவு கேட்டார். தந்தை தயங்கினார், ஆயினும் தடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கு வேண்டிய லத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றை அதுவரை அவர் உரிய அளவில் கற்றிருக்கவில்லை. எட்டே மாதங்களில் அக்குறையை ஈடுசெய்து தேர்வில் வென்று, தூரின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு இடையில் நின்றுபோன மாணவியர் இவ்வவையில் சிலர் இருக்கக்கூடும். விடுபட்ட பாடத்தை மீண்டும் பிடித்துவிட இயலும் என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்க.

அம்மருத்துவப் பள்ளியில் ஜூசெப்பே லெவி என்னும் பேராசிரியர் இருந்தார். உடலின் இழைமங்களை மைக்ராஸ்கோப்பின் வழியே ஆராயும் துறையில் வல்லவர்; கண்டிப்பு மிக்கவர். அவர்தம் மாணவர்களுள் மூவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். சால்வதோர் லூரியா 1969இலும், ரெனாத்தோ துல்பெக்கோ 1975இலும், நம் அம்மையார் 1986இலும் அப்பெருமையை அடைந்தனர். ஓர் ஆசிரியரின் அறையிலிருந்து மூன்று நோபல் பரிசுகள் என்பது, ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கெல்லாம் தலை நிமிரச் செய்யும் செய்தியாகும். வெள்ளி உப்புக்களைக் கொண்டு நரம்புகளுக்கு நிறமேற்றிக் காணும் முறையை ரீத்தா அங்கேதான் கற்றார். 1936இல் மருத்துவப் பட்டத்தை உயர்ந்த தகுதியுடன் பெற்று, நரம்பியல் ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஈராண்டுகள் கழிந்தன. 1938ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இத்தாலியரை ஆரிய இனமென்றும், யூதர்கள் அதனைச் சேராதவர் என்றும் கூறும் அறிக்கை ஒன்று வெளிவந்தது. அதில் கையொப்பமிட்டவர்கள் படிப்பறியாதவர்கள் அல்லர். அறிவியலைத் தொழிலாகக் கொண்ட பத்துப் பேர் ஆவர். இதனை நம் இளைஞர்கள் மறவாமல் நினைவில் இருத்த வேண்டும். படிப்பு மட்டுமே மனிதனை நேர்மையாளன் ஆக்கிவிடுவதில்லை. அதே ஆண்டில் முசோலினியின் அரசு சட்டங்களை இயற்றியது. யூதப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யூதப் பேராசிரியர்கள் பதவியிழந்தனர். ஜூசெப்பே லெவியும் நீக்கப்பட்டார். அவருடைய மாணவியும் நீக்கப்பட்டார். முந்தைய நாள் வரை டாக்டர் என்று அழைக்கப்பட்டவர், மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலில் நிற்கவும் தகுதியற்றவராக அறிவிக்கப்பட்டார். அவருடைய அறிவில் எக்குறையும் காணப்படவில்லை. பிறந்த குலம் ஒன்றே குற்றமாயிற்று. இதன் பொருளை இவ்வவைக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

அவர் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் சிறிது காலம் விருந்தினராக ஆராய்ச்சி செய்தார். ஜெர்மானியப் படை அந்நாட்டில் நுழையும் தறுவாயில், 1940இன் வசந்த காலத்தில் தூரினுக்கே திரும்பினார். தொழில் இல்லை, ஆராய்ச்சிக்கூடம் இல்லை, நாடு போரில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்நிலையில் அவர் தம் வீட்டின் படுக்கையறையையே ஆராய்ச்சிக்கூடமாக மாற்றினார். தையல் ஊசிகளைத் தீட்டி நுண்ணிய கத்திகளாக்கினார். கண் மருத்துவர் கையாளும் சிறு கத்தரிக்கோலும், கடிகாரம் பழுதுபார்ப்போரின் இடுக்கியும் அவருக்குக் கருவிகளாயின. ஆராய்ச்சிப் பொருளோ கோழி முட்டை. பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த பேராசிரியர் லெவியும் அவ்வறைக்கே வந்து சேர்ந்தார். ஆசிரியர் தம் மாணவிக்கு உதவியாளராக அமர்ந்து பணிபுரிந்தார் என்பது எத்துணை அரிய காட்சி!

அவ்வறையில் அவர்கள் ஆராய்ந்தது யாது என்பதைச் சற்று விளக்குவோம். முட்டைக்குள் கோழிக் குஞ்சு உருவாகும்போது, தண்டுவடத்திலும் அதன் அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளிலும் நரம்புச் செல்கள் தோன்றுகின்றன. அவை நீண்ட இழைகளை விட்டு, கால், இறக்கை முதலிய உறுப்புகளைச் சென்று அடைகின்றன. வளரும் காலை அரும்பிலேயே வெட்டி நீக்கிவிட்டால், அக்காலுக்குரிய நரம்புத் தொகுதி சிறுத்துப்போகிறது. இதனை விக்டர் ஹாம்பர்கர் என்னும் அறிஞர் 1934இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியிருந்தார். உறுப்பிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் வாராமையால் புதிய நரம்புச் செல்கள் உருவாகவில்லை என்பது அவர் தந்த விளக்கம்.

ரீத்தா அச்சோதனையை நாள்தோறும் படிப்படியாகக் கவனித்தார். நரம்புச் செல்கள் உருவாகவே செய்கின்றன, இழைகளையும் விடுகின்றன, ஆயினும் சென்றடைய உறுப்பு இல்லாமையால் பின்னர் மடிந்துபோகின்றன எனக் கண்டார். பிறவாமை வேறு, பிறந்து, ஆதரவின்றி மடிதல் வேறு. இவ்வேறுபாடுதான் பின்னர் ஒரு பெருந்துறைக்கே வித்தாயிற்று. இத்தாலிய இதழ்கள் யூதரின் கட்டுரைகளை ஏற்க மறுத்தமையால், அவர் தம் முடிவுகளைப் பெல்ஜியத்து இதழில் வெளியிட்டார்.

தூரின் மீது குண்டுமாரி பொழிந்தபோது, அவர் குடும்பத்துடன் நாட்டுப்புறத்துச் சிறு வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தார். ஆராய்ச்சியும் உடன் பெயர்ந்தது. சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று குடியானவர்களிடம் முட்டை வாங்கி வந்து பணியைத் தொடர்ந்தார். 1943இல் ஜெர்மானியப் படை இத்தாலியில் புகுந்தபோது, இத்தாலிய யூதர்களில் ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டுக் கொலைக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டனர். ரீத்தாவின் குடும்பம் பிளாரன்ஸ் நகரில் தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் மறைந்து வாழ்ந்து உயிர் பிழைத்தது. 1944இல் அந்நகர் விடுதலை பெற்றதும், அகதிகள் முகாமில் மருத்துவராகத் தொண்டாற்றினார். போர் முடிந்த 1945இல் தூரினுக்குத் திரும்பினார்.

இனி, அக்கட்டுரையின் கதையைக் கேளுங்கள். அதனைக் கடல் கடந்து அமெரிக்காவில் ஒருவர் படித்தார். அவர் வேறெவரும் அல்லர். எவருடைய விளக்கத்தை ரீத்தா மறுத்திருந்தாரோ, அந்த ஹாம்பர்கரே ஆவார். அவரும் யூத மரபினர். 1933இல் ஜெர்மனியில் தம் பதவியை இழந்தவர். தம் கருத்தை மறுத்தவர் என்று அவர் சினம் கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து உண்மையைக் காண்போம் வருக என்று செயின்ட் லூயி நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். 1947இல் சென்ற ரீத்தா, ஓராண்டளவே தங்க எண்ணியிருந்தார். அங்குப் பணி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. சோதனையை இருவரும் திரும்பச் செய்தபோது, ரீத்தாவின் விளக்கமே சரியென உறுதியாயிற்று. 1949இல் இருவர் பெயரிலும் அம்முடிவு வெளிவந்தது. மாற்றுக் கருத்துடையாரை மதிக்கும் இப்பண்பு நம் பொதுக்குழுவிலும் நிலவுக!

நரம்புகளுக்கு உயிர் கொடுக்கும் அப்பொருள் யாது என்பதே அடுத்த வினா. ஹாம்பர்கரின் மாணவர் எல்மர் பியூக்கர் என்பவர், சுண்டெலியின் கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் பொருத்தினால் அதனுள் நரம்புகள் மிகுதியாக வளர்வதை 1948இல் வெளியிட்டிருந்தார். ரீத்தா அதனைத் தொடர்ந்தார். கட்டி கருவைத் தொடாமல், முட்டையின் சவ்வின்மேல் வைக்கப்பட்டபோதும் நரம்புகள் பெருகின. ஆகவே கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது. அது குருதியின் வழியே பரவுகிறது என்று அவர் தெளிந்தார். 1952இல் அத்தகைய கட்டியுடைய இரண்டு சுண்டெலிகளைத் தம்முடன் எடுத்துக்கொண்டு விமானத்தில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவுக்குச் சென்றார். உயிருள்ள இழைமங்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் கலையில் தேர்ந்த ஹெர்த்தா மேயர் என்னும் பழைய தோழி அங்கே இருந்தார். கட்டியின் துணுக்கருகே வைக்கப்பட்ட நரம்பு முடிச்சைச் சுற்றி, ஞாயிற்றைச் சுற்றிக் கதிர் பரந்தாற்போல், நரம்பிழைகள் நாற்புறமும் விரிந்தன. ஐயத்துக்கு இடமில்லாத சான்று கைக்கு வந்தது.

அப்பொருளைப் பிரித்தெடுக்க ஒரு வேதியியலார் தேவைப்பட்டார். 1953இல் ஸ்டான்லி கோகன் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். இவரைப் பற்றி நாம் சற்று விரிவாகவே கூற வேண்டும். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர். தந்தை தையல் தொழிலாளி. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பொருள்வளம் அவ்வீட்டில் இல்லை. ஆனால் அந்நாளில் புரூக்ளின் கல்லூரியில் நகரவாசிகளின் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த ஒரு வாயிலின் வழியேதான் தையற்காரரின் மகன் அறிவியலுக்குள் நுழைந்தார்.

கோகனும் ரீத்தாவும் அச்சாற்றை ஆராய்ந்தனர். அதிலுள்ள நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காகப் பாம்பின் நஞ்சைச் சேர்த்துப் பார்த்தனர். நரம்பு வளர்ச்சி குறையுமா குறையாதா என்று காணவே அதனைச் சேர்த்தனர். அதுவோ பன்மடங்கு பெருகிற்று! நஞ்சிலேயே அப்பொருள் மிகுதியாக இருந்தது. பாம்பின் நச்சுப்பை உமிழ்நீர்ச் சுரப்பியின் இனத்தது அன்றோ என்று எண்ணிய கோகன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தார். அங்கும் ஏராளமாகக் கிடைத்தது. அது ஒரு புரதம் என உறுதியாயிற்று. அதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயரிட்டனர். அதனை முறிக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, பரிவு நரம்பு மண்டலத்தின் முடிச்சுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. வளரும் நரம்புக்கு அப்புரதம் இன்றியமையாதது என்பது 1960இல் இவ்வாறு நிறுவப்பட்டது.

இக்கண்டுபிடிப்பை அறிவுலகம் உடனே தலைமேல் கொள்ளவில்லை. நீண்ட காலம் ஒரு விந்தையாகவே கருதிற்று. கோகனுக்கு அப்பல்கலைக்கழகத்தில் நிலையான இடம் கிடைக்காமல், 1959இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைப் பெற்ற சுண்டெலிக் குட்டிகள், உரிய நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கண் திறந்ததை அவர் முன்பே கவனித்திருந்தார். அதன் காரணத்தைத் தேடித் தோல் முதலிய மேற்படலங்களை வளர்க்கும் மற்றொரு காரணியைக் கண்டார். அதனை ஏற்கும் செல்லின் வாயிலை அடைக்கும் மருந்துகள், இன்று நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய் சிலவற்றுக்கு அளிக்கப்படுகின்றன.

நரம்பு வளர்ச்சிக் காரணியின் வேதி அமைப்பு முழுமையும் 1971இல் வெளியிடப்பட்டது. 1982இல் மூளையிலிருந்தே அதன் உறவுப் பொருள் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. கற்றலிலும் நினைவிலும் அதற்குப் பங்கு உண்டென்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. பிறப்பிலிருந்தே வலியை உணராத அரிய நோய் ஒன்றுக்கு, இக்காரணியை ஏற்கும் வாயிலின் பழுதே காரணம் என்பது 1996இல் தெரியவந்தது. நரம்பு நலிவால் கருவிழியில் புண் ஏற்பட்டோருக்கு இக்காரணியே கண் சொட்டு மருந்தாக ஐரோப்பாவில் 2017இலும், அமெரிக்காவில் 2018இலும் அனுமதிக்கப்பட்டது. மறதி நோய்க்கும் இதனால் தீர்வு வரும் என்னும் நம்பிக்கை இதுவரை நிறைவேறவில்லை. எனினும் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியைக் கற்கும் துறைக்கு அந்தப் படுக்கையறையே முதற்பள்ளி ஆயிற்று எனலாம்.

1986ஆம் ஆண்டின் நோபல் பரிசு ரீத்தாவுக்கும் கோகனுக்கும் வழங்கப்பட்டது. ஹாம்பர்கரின் பெயர் அதில் இடம்பெறாமை பற்றி அறிஞரிடையே வருத்தமும் விவாதமும் எழுந்தன. ரீத்தா 1962 முதல் ரோம் நகரிலும் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றை நிறுவி, இரு நாடுகளுக்கிடையே சென்று வந்தார். அங்கே 1969 முதல் 1978 வரை செல் உயிரியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். 1992இல் சகோதரி பாவோலாவுடன் இணைந்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஆப்பிரிக்கப் பெண்களின் கல்விக்கு அது உதவித்தொகை வழங்கிற்று. எந்த நாடு அவரைக் குலத்தின் பெயரால் வெளியே நிறுத்தியதோ, அந்நாடே 2001இல் அவரை வாழ்நாள் செனட்டர் ஆக்கியது. 2012 டிசம்பர் 30ஆம் நாள், 103ஆம் வயதில் ரோமில் மறைந்தார்.

பெருமக்களே! இவ்வரலாற்றைக் கூறிவிட்டு, மன உறுதி இருந்தால் எவரும் எதனையும் சாதிக்கலாம் என்று முடித்துவிடுவது எளிது. மேடைகளில் நம் பிள்ளைகளுக்கு அவ்வாறே அறிவுரை கூறப்படுகிறது. அது பாதி உண்மையே ஆகும். மறுபாதியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ரீத்தாவின் முன் கதவு அடைபட்டபோது அவர் கையில் மருத்துவப் பட்டம் இருந்தது. தலைக்குமேல் கூரையும், மைக்ராஸ்கோப் வாங்கப் பொருளும், அரவணைக்கும் குடும்பமும் இருந்தன. தேடி வந்து உடனிருந்த ஆசிரியர் இருந்தார். அச்சட்டம் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால், அவர் மருத்துவப் பள்ளியின் படியையே மிதித்திருக்க மாட்டார். அப்படுக்கையறை வெறும் படுக்கையறையாகவே இருந்திருக்கும். கோகனின் கதையோ இதனினும் தெளிவானது. கட்டணமில்லாக் கல்லூரி ஒன்று இல்லாதிருந்தால், நோபல் பரிசு பெற்ற அக்கைகள் தையல் இயந்திரத்தின் முன்னே முடிந்திருக்கும். நம் அண்ணல் அம்பேத்கரும் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையைப் பெற்றே கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் என்பதை நீங்கள் அறிவீர்கள். உறுதி அவருடையது, ஆயினும் கப்பலேற்றியது உதவித்தொகை.

அம்மையார் கண்ட உண்மையையே உவமையாகக் கொள்வோம். நரம்புச் செல்கள் தேவைக்கு மேல் தோன்றுகின்றன, உரிய காலத்தில் ஊட்டம் பெற்றவை நிலைக்கின்றன, பெறாதவை மடிகின்றன. மடிந்தவை வலுவற்றுப் பிறந்தவை என்று சொல்வதற்கில்லை. நம் தெருக்களில் பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் நின்றுவிட்ட பிள்ளைகளைப் பார்த்து, இவர்களுக்குப் படிப்பு ஏறவில்லை என்று கூறுவோர் உளர். தலைமையாசிரியராகிய நாம் அவர்களுடைய மதிப்பெண்களைக் கண்டிருக்கிறோம். ஏறவில்லை என்பது உண்மையன்று. கைகொடுப்பார் இல்லை என்பதே உண்மை. ஓராண்டு விடுதிக் கட்டணம், ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி, நகரத்துக்குச் சென்றுவரப் பேருந்துச் செலவு ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்றில்தான் பெரும்பாலான கதைகள் முடிந்துபோகின்றன. அவற்றுள்ளும் பெண்மக்களின் கதைகளே முதலில் முடிகின்றன.

ஆதலின் நமது வேண்டுகோளை வெளிப்படையாகவே வைக்கிறோம். மண்டபம் வேண்டாம் என்பது நமது கருத்தன்று. நம் மக்கள் தலைநிமிர்ந்து கூடுவதற்கு ஓரிடம் வேண்டும் என்னும் ஆவலின் நியாயத்தை நாம் அறிவோம். பிறர் மண்டப வாயிலில் நின்ற முதியோரின் வலியும் அதில் அடங்கியுள்ளது. ஆயினும் மண்டபம் ஐந்தாண்டு காத்திருக்கும். பதினேழு வயதுப் பெண் காத்திருக்க இயலாது. இவ்வாண்டு தவறினால் அவளுக்கு மறு ஆண்டு இல்லை. எனவே வெள்ளி விழா நிதியை முதலாக வைத்து, அதன் வருவாயிலிருந்து அறிவியல், மருத்துவம் பயில விழையும் மாணவ மாணவியருக்கு, குறிப்பாக இடையில் நின்றுபோன பெண்மக்களுக்கு, உதவித்தொகை வழங்கும் நிதியமாக அமைக்குமாறு பொதுக்குழுவைப் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். கதவைத் திறப்பது பெரியோரின் கடமை. திறந்த கதவின் வழியே நுழைந்து உழைப்பது உங்கள் கடமை. கருவி இல்லை, இடம் இல்லை என்று எண்ணிச் சோரும்போது அந்தத் தையல் ஊசிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உயர்ந்த பின்னர், அறிக்கையில் கையொப்பமிட்ட அந்தப் பத்துப் பேரின் வழியில் செல்லாமல், கருத்து மாறுபட்டவரையும் அழைத்து இடம் கொடுத்த ஹாம்பர்கரின் வழியில் செல்லுங்கள். உதவி பெற்றுப் படித்தவர், தமக்குப் பின் வருவோருக்கு உதவி செய்வதே அக்கடனைத் தீர்க்கும் முறையாகும்.

சங்கம் பொன் விழா காணும் நாளில், இந்நிதியால் பயின்ற ஒரு பெண் இம்மேடையில் நின்று தம் ஆராய்ச்சியைப் பற்றி நம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதே நமது விழைவு. அதற்கான முடிவு இன்று மாலை உங்கள் கைகளில் உள்ளது.